பரோலோ: வாங்குவது, வைப்பது, திறப்பது

பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினை வாங்கி ஏமாந்தவர்கள் சொல்லும் புகார் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும்: "இத்தனை விலை கொடுத்தும் நிறமே இல்லை, வாயெல்லாம் துவர்க்கிறது." பாட்டிலில் குற்றம் இருப்பது அபூர்வம். அறுவடையாகி நான்கைந்து வருடமே ஆன ஒயினை, வெக்கையான அறையில், கார்க்கைப் பிடுங்கிய கையோடு, சாப்பிட ஒன்றும் இல்லாமல் ஊற்றியிருப்பார்கள். வேறு பல சிவப்பு ஒயின்கள் இதைப் பொறுத்துக்கொள்ளும். பரோலோ பொறுக்காது. எந்த ஊர், எந்த வருடம் என்று பார்த்து வாங்கி, திறக்கும் நாளையும் முன்கூட்டியே யோசித்து வைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

நிறத்தை முதலில் மறந்துவிடுங்கள். பரோலோவை நெபியோலோ என்ற ஒரே திராட்சையில்தான் செய்ய வேண்டும். வேறு ரகம் கலக்க விதி இடம் தராது. நெபியோலோவின் தோலில் நிறமி குறைவு, இருப்பதும் காற்றுப் பட்டால் சீக்கிரம் மங்கும். அதனால் இளசிலேயே கிளாஸுக்குப் பின்னால் பிடித்த விரல் தெரியும் அளவுக்கு வெளிறிய மாதுளை நிறம். பத்து வருடத்தில் விளிம்பு செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். ஆனால் வாயைத் துவர்க்க வைக்கும் டானின் ஏராளம், புளிப்பும் தூக்கல். ஆல்கஹால் விதிப்படி குறைந்தது 13 சதவீதம். இப்போது சந்தைக்கு வரும் பாட்டில்களில் 14, 14.5 என்று அச்சிட்டிருப்பதே வழக்கம். பார்வைக்கு மெலிசு, வாயில் முரடு. மை மாதிரிக் கருத்திருக்கும் பரோலோவைக் கண்டால்தான் யோசிக்க வேண்டும்.

மூக்குக்கு வருவது உலர்ந்த ரோஜா, செர்ரி, அதிமதுரம், கொஞ்சம் தார். வயது ஏற ஏற தோல் பொருட்களின் வாசனை, புகையிலை, காளான், ஈர இலைச் சருகு என்று திரும்பும். இந்த இரண்டாம் கட்டத்துக்காகத்தான் ஆட்கள் பாட்டிலை வருடக்கணக்கில் படுக்கவைத்துக் காத்திருக்கிறார்கள்.

ஊரும் மண்ணும்

இத்தாலியின் வடமேற்கில் பியமொன்ட் பிராந்தியம். அங்கே ஆல்பா நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கும் லாங்கே குன்றுகளில் 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்தால்தான் பரோலோ. அதில் ஐந்து ஊர்களைத் தெரிந்துகொண்டால் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும்: லா மோரா, பரோலோ, காஸ்டிலியோனே ஃபலெத்தோ, செர்ரலுங்கா தால்பா, மொன்ஃபோர்தே தால்பா. மீதி ஆறில் வெர்துனோவையும் நொவெல்லோவையும் கவனித்து வாருங்கள்.

நெபியோலோ சீக்கிரம் துளிர்த்து, கடைசியில் பழுக்கும் கொடி. அக்டோபரில், பள்ளத்தாக்கெல்லாம் மூடுபனி நிறைந்த பிறகும் பழம் கொடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். நாள் முழுக்க வெயில் விழும் சரிவு கிடைக்காவிட்டால் டானின் பழுக்காமல் பச்சையாகவே நின்றுவிடும். அதனால்தான் தெற்கும் தென்மேற்கும் பார்த்த சரிவுகளுக்கு அந்த விலை. கடல்மட்டத்திலிருந்து 170 முதல் 540 மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும், நேர் வடக்கு நோக்கிய சரிவில் நடக்கூடாது, ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் காய்க்க விடக்கூடாது என்பதெல்லாம் சட்டம்.

மண்ணைப் பொறுத்தவரை மேற்குப் பக்கம், கிழக்குப் பக்கம் என்று இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்வது வாங்குபவருக்குப் போதும். மேற்கே லா மோராவிலும் பரோலோ ஊரின் பெரும்பகுதியிலும் நீலச் சாம்பல் நிறத்தில், நொறுங்கக்கூடிய சுண்ணாம்புக் களிமண். அந்த ஒயின் பூ வாசனை தூக்கலாக, கொஞ்சம் சீக்கிரமே பதத்துக்கு வரும். கிழக்கே செர்ரலுங்காவிலும் மொன்ஃபோர்தேயின் ஒரு பகுதியிலும் சுண்ணாம்பும் மணற்கல்லும் மாறிமாறி அடுக்கிய இறுகிய பூமி. அந்த ஒயின் முதல் பத்து வருடம் முகம் கொடுத்துப் பேசாது; பிறகு முப்பது வருடமானாலும் சலிக்காது. காஸ்டிலியோனே ஃபலெத்தோ இடத்தாலும் குணத்தாலும் இரண்டுக்கும் நடுவில். வெர்துனோ வடக்கோரம், அங்கே ஒயினில் மிளகு வாசனை கலந்த ஒரு லேசுத்தன்மை உண்டு.

முதல் பாட்டில் வாங்குகிறவருக்கு எங்கள் சிபாரிசு லா மோரா அல்லது வெர்துனோ. செர்ரலுங்காவில் ஆரம்பித்தால் பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

லேபிளைப் படிப்பது

பரோலோவுக்கு 1966-ல் விளையும் இடத்தையும் செய்முறையையும் சட்டப்படி வரையறுக்கும் டி.ஓ.சி. தகுதியும், 1980-ல் இத்தாலியின் மிக உயர்ந்த தகுதியான டி.ஓ.சி.ஜி.யும் கிடைத்தன. ஆகவே கழுத்தில் அல்லது மூடியின் மேல் வரிசை எண் அச்சிட்ட அரசாங்க ஒட்டுச்சீட்டு இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத புது பாட்டிலைத் தொடாதீர்கள். நிறைய உற்பத்தியாளர்கள் தோளில் 'ஆல்பேசா' என்ற எழுத்து புடைத்திருக்கும் பாட்டிலையும் பயன்படுத்துகிறார்கள். அது கட்டாயமல்ல, இல்லாவிட்டால் போலி என்று அர்த்தமும் அல்ல.

லேபிளில் வெறும் 'பரோலோ' என்று மட்டும் இருந்தால் அநேகமாகப் பல ஊர்கள், பல தோட்டங்களின் ஒயினைக் கலந்தது. கேவலமாக நினைக்க வேண்டாம். இந்தக் கலவைதான் பழைய மரபு; பார்தோலோ மஸ்கரெல்லோ போன்ற மரியாதைக்குரிய பெயர்கள் இன்றும் கலவையாகத்தான் பாட்டிலில் அடைக்கிறார்கள். ஊர் பெயர் சேர்த்திருந்தால் அந்த ஒரே ஊரின் திராட்சை. அதற்கடுத்து கன்னூபி, ப்ரூனாத்தே, செரேக்வியோ, பூஸியா, வின்யா ரியொண்டா, மொன்விலியேரோ என்று குன்றுச் சரிவின் பெயர் வரலாம். 2010-ம் ஆண்டு அறுவடையிலிருந்து இப்படி எல்லை வரைந்த பெயர்கள் 181: சரிவுகள் 170, ஊர்கள் 11. இவற்றுக்குள் தரவரிசை எதுவும் அதிகாரபூர்வமாகக் கிடையாது; இது பிரான்சின் பர்கண்டி மாதிரி 'முதல் தரம், பெருந்தரம்' என்று அடுக்கிய முறை அல்ல. பூஸியா ஒரு பெரிய நிலப்பரப்பு, அதற்குள் நல்ல மூலையும் உண்டு, சுமாரான மூலையும் உண்டு. எனவே சரிவின் பெயரைவிட ஒயின் செய்தவர் பெயருக்கு அதிக எடை கொடுங்கள். தெரியாத ஒருவரின் கன்னூபியைவிட நம்பகமான ஒருவரின் வெறும் பரோலோ எப்போதும் மேல்.

'ரிசெர்வா' என்பது தரத்தைக் குறிப்பதில்லை, காலத்தைத்தான். சாதாரண பரோலோ அறுவடை வருடத்தின் நவம்பர் 1-லிருந்து 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில். ரிசெர்வாவுக்கு 62 மாதம். அதாவது 2020 அறுவடை கடைக்கு வந்தது 2024 ஜனவரிக்கு முன்னால் அல்ல.

பீப்பாய் என்றதும் ஒரு பழைய சண்டை நினைவுக்கு வரும். 1980-களில் எலியோ அல்தாரே போன்ற இளையவர்கள் திராட்சைத் தோலைச் சில நாட்களே ஊறவைத்து, 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பாரிக் பீப்பாய்களுக்கு மாறினார்கள். மறுபக்கம் ஜுசெப்பே ரினால்டி, ஜாக்கோமோ கொன்டெர்னோ மாதிரியான ஒயின் குடும்பங்கள் ஒரு மாதமும் அதற்கு மேலும் தோலோடு ஊறவைத்து, பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் பெரிய பீப்பாய்களை விடவில்லை. சண்டை இப்போது ஓய்ந்துவிட்டது. அநேகம் பேர் நடுவழிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் பழைய பாட்டில் வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. 1990-களின் பாரிக் ஒயினில் வெனிலா, வறுத்த காப்பி வாசனை ரோஜாவை மூடியிருக்கலாம். அதை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

வருடம்

இங்கே கணக்கு எளிது. குளிர்ச்சியாக, நீண்டு பழுத்த வருடம் என்றால் முதிர வையுங்கள்; வெப்பமான அல்லது மழை மிகுந்த வருடம் என்றால் முந்திக் குடியுங்கள்.

2010, 2013, 2016, 2019, 2021 ஆகியவை முதல் வகை. இவற்றில் 2016-ஐ எங்கு கண்டாலும் ஒன்று எடுத்து வைப்பதில் தவறில்லை. 2015 வெயில் வருடம், பழம் தூக்கல். 2017-ல் வறட்சியும் கடும் வெப்பமும். டானின் சில பாட்டில்களில் வறண்டு நிற்கும். 2014-ம் 2018-ம் மழையால் லேசாக வந்தவை. உணவகத்தில் அன்றிரவே குடிக்க இந்த லேசு ஒரு வசதி. 2020 மென்மையானது, சீக்கிரம் திறக்கலாம். 2002 ஆலங்கட்டி மழையால் நாசமான வருடம். அந்த வருடத்திலும் கொன்டெர்னோவின் மொன்ஃபோர்தீனோ என்ற பரோலோ வெளிவந்தது என்பது உண்மை, ஆனால் அது விதிவிலக்கு.

எப்போது திறப்பது? லேசான வருடத்தின் கலவை பரோலோவை அறுவடையிலிருந்து ஆறேழு வருடத்தில் திறக்கலாம். நல்ல வருடத்து லா மோரா என்றால் பத்து. நல்ல வருடத்து செர்ரலுங்கா, மொன்ஃபோர்தே என்றால் பதினைந்து வரை விட்டுவையுங்கள். வெளிவந்த புதிதில் பழ வாசனையோடு ஓரளவு இனிமையாகப் பேசும் ஒயின், அதற்கடுத்த சில வருடங்கள் வாயை இறுக மூடிக்கொள்வதும் உண்டு. அப்போது திறந்து பார்த்து 'கெட்டுவிட்டது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே ஒயினில் மூன்று பாட்டில் வாங்கி மூன்று நான்கு வருட இடைவெளியில் திறப்பதுதான் பரோலோவைப் படிக்க உருப்படியான வழி.

பணம் கையைக் கடித்தால் அதே உற்பத்தியாளரின் 'லாங்கே நெபியோலோ' வாங்குங்கள். அதே திராட்சை, பல நேரம் அதே தோட்டத்தின் இளம் கொடிகள், விலை பரோலோவின் பாதிக்கும் குறைவாகவே இருக்கும், இரண்டு மூன்று வருடத்திலேயே குடிக்கலாம். ஆல்பாவுக்கு மறுபக்கம் இருக்கும் பார்பரெஸ்கோவும் நெபியோலோதான்; அதற்கு 26 மாதம் முதிர்ச்சி போதும், கொஞ்சம் முன்னாடியே இளகும். சந்தேகத்துக்கிடமான மலிவு பரோலோவைவிட இந்த இரண்டில் எது கிடைத்தாலும் திருப்தி அதிகம்.

வீட்டில் வைப்பது

12 முதல் 14 டிகிரி, 60 முதல் 70 சதவீத ஈரப்பதம், இருட்டு, அதிர்வில்லாத இடம், பாட்டில் படுத்த நிலை. சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ வீட்டு அறை இதற்கு எந்த மாதத்திலும் ஒத்துவராது. ஒயினுக்கென்று இருக்கும் குளிர் அலமாரி இல்லையென்றால் முதிர வைக்கும் ஆசையை விட்டுவிட்டு, பதத்துக்கு வந்த பாட்டிலாக வாங்கி ஓரிரு வாரத்தில் குடிப்பதே புத்திசாலித்தனம். சமையலறைக் குளிர்பெட்டியில் சில வாரம் வைக்கலாம். வருடக்கணக்கில் வைத்தால் அந்த வறண்ட காற்றில் கார்க் சுருங்கிக் காற்று உள்ளே போகும்.

வெப்பம் பட்ட பாட்டிலைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். கார்க் மூடியை மேலே தள்ளிக்கொண்டு நிற்கும், அல்லது மூடியின் ஓரத்தில் பிசுபிசுவென்று ஒழுகிய தடம் இருக்கும், மூடியைத் திருகினால் ஒட்டிக்கொண்டு சுழலாது. முதிர்ந்த பாட்டிலில் ஒயின் மட்டத்தையும் பாருங்கள். இருபது வருடம் ஆனதில் கழுத்தின் அடிவரை இறங்கியிருப்பது சரி. முப்பதைத் தாண்டியதில் தோளின் மேற்பகுதி வரை பரவாயில்லை. தோளின் நடுவுக்கும் கீழே போயிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

திறப்பது

தவறுகள் பெரும்பாலும் நடக்கும் இடம் இதுதான். மாலை எட்டு மணி விருந்து என்று வைத்துக்கொள்வோம்.

பத்து வயதுக்குட்பட்ட பாட்டில்: மதியம் மூன்று, நான்கு மணிக்குக் கார்க்கை எடுங்கள். ஒரு வாய் ஊற்றி முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் கார்க் கெட்டது, எவ்வளவு காற்றாட விட்டாலும் சரியாகாது, மாற்று பாட்டிலுக்கு இப்போதே ஏற்பாடு செய்ய நேரம் இருக்கிறது. நன்றாக இருந்தால் அடி அகன்ற டிகான்டரில் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) முழுவதையும் கொஞ்சம் வேகமாகவே ஊற்றிவிடுங்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆறட்டும். மணிக்கொரு தரம் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். மூடியிருந்த வாசனை எப்போது திறக்கிறது என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்.

கார்க்கை மட்டும் எடுத்துவிட்டு பாட்டிலை அப்படியே மேசையில் வைத்து, "மூச்சு விடட்டும்" என்பவர்கள் உண்டு. அதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. பாட்டில் கழுத்தின் உள்வட்டம் இரண்டு செ.மீ.கூட இல்லை, காற்றுப்படும் பரப்பு மூன்று சதுர செ.மீ.க்குள். அதே ஒயின் 20 செ.மீ. அகல டிகான்டரில் 300 சதுர செ.மீ.க்கு மேல் பரவும். நூறு மடங்கு வித்தியாசம்.

பத்திலிருந்து இருபத்தைந்து வயது வரை: இதற்குள் அடியில் மண்டி சேர்ந்திருக்கும். முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். 24 மணி நேரம் குறைந்தபட்சம், 48 இருந்தால் நல்லது. நெபியோலோவின் மண்டி மிக நைசானது. லேசாக ஆட்டினாலும் கலங்கி, ஒயினுக்கு ஒரு கசப்பும் மாவுத்தன்மையும் ஏறிவிடும். விருந்துக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பு திறந்து, பாட்டிலின் தோளுக்குப் பின்னால் மெழுகுவத்தியோ கைபேசி விளக்கோ வைத்து, ஒரே சீராக, இடையில் நிமிர்த்தாமல் டிகான்டரில் ஊற்றுங்கள். தோளுக்குப் புகை மாதிரி ஓர் இழை நகர்ந்து வரும். அதைக் கண்டதும் நிறுத்துங்கள். கீழே 40, 50 மில்லி தங்கும். பரவாயில்லை, போகட்டும். டிகான்டர் வாய் குறுகியதாக இருந்தால் போதும். இந்த வயதில் அகன்றது வேண்டாம்.

இருபத்தைந்துக்கு மேல்: இங்கே கை நடுங்கக் கூடாது. பாட்டிலை மூன்று நாள் முன்பே நிமிர்த்துங்கள். மூடியைக் கழற்றினால் கார்க்கின் தலையில் கறுப்புப் பூஞ்சை இருக்கலாம். ஈரமான நிலவறையில் இருந்ததற்கான அடையாளம் அது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். பழைய கார்க்கில் திருகாணியை இறக்கினால் நடுவில் துளை விழுந்து தூளாகிவிடும். இரண்டு தகடு கொண்ட கார்க் எடுப்பான் வேண்டும்: நீளத் தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையில் நுழைத்து, பிறகு குட்டைத் தகட்டை, இப்படியும் அப்படியும் அசைத்து முழுக்க இறக்கிய பின், முறுக்கிக்கொண்டே மெதுவாக மேலே எடுக்க வேண்டும். கீழே அழுத்தினால் கார்க் உள்ளே விழும். அப்படியும் உடைந்துவிட்டால் நைசான எவர்சில்வர் வடிகட்டியிலோ, சோப்பு வாசனை துளியும் இல்லாமல் தண்ணீரில் அலசிய மல் துணியிலோ வடிகட்டுங்கள். காப்பி வடிகட்டும் தாள் வேண்டாம். காகித வாசனை ஏறும்.

இவ்வளவு பழையதை டிகான்டரில் ஊற்றிச் சிலுப்பினால் இருக்கிற வாசனையும் அரை மணியில் பறந்துவிடும் ஆபத்து உண்டு. அதற்கு ஒரு நடுவழி: காலையிலேயே கார்க்கை எடுத்து, 60, 70 மில்லி மட்டும் ஊற்றிச் சுவைத்துவிட்டு, மட்டம் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கிய நிலையில் பாட்டிலைக் குளிர்ந்த இடத்தில் மாலை வரை அசைக்காமல் விடுவது. தோளில் பரப்பு பல மடங்கு கூடுவதால் காற்று நிதானமாக வேலை செய்யும். முதலில் ஊற்றியதில் அடைபட்ட அறை வாசனையோ லேசான காடி வாசனையோ இருந்தால் பதறாதீர்கள், மாலைக்குள் பெரும்பாலும் அகன்றுவிடும். காடி நெடி கண்ணைக் கரிக்கும் அளவுக்கு இருந்தாலோ, நிறம் முழுக்கப் பழுப்பாகி, வாசனை காய்ந்த கொட்டைப் பருப்பு மாதிரி மட்டும் இருந்தாலோ அது போய்விட்டது.

சூடும் கிளாஸும்

குடிக்கும்போது 16 முதல் 18 டிகிரி. 'அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்பது ஐரோப்பியக் கல் வீடுகளின் பழைய அறை வெப்பம். மின்விசிறி சுழலும் நம் அறையின் 30 டிகிரி அல்ல. 22-ஐத் தாண்டினால் ஆல்கஹால் முன்னால் வந்து மூக்கைக் குத்தும், மற்ற வாசனை அமுங்கும். 13-க்குக் கீழே போனால் டானின் வாயைப் பிடித்துக்கொள்ளும், கடுக்காய் மென்ற மாதிரி. அவசரத்துக்கு, பனிக்கட்டியும் தண்ணீரும் பாதிப் பாதியாக நிரப்பிய வாளியில் சுமார் பத்து நிமிடம் போதும். வெறும் பனிக்கட்டியில் சொருகினால் கண்ணாடியைத் தொடும் பரப்பு குறைவு, நேரம் கூடும். வெக்கையான அறையில் 15 டிகிரியிலேயே ஊற்றத் தொடங்குங்கள், கிளாஸில் இரண்டு டிகிரி தானாக ஏறும். டிகான்டரில் மணிக்கணக்கில் ஆறவிடும்போதும் குளிர்சாதன அறையில் வையுங்கள்.

கிளாஸ் பெரிதாக, வயிறு அகன்று வாய் குவிந்ததாக இருக்கட்டும். 600 மில்லிக்கு மேல் கொள்ளளவு. ஊற்றுவது 100, 120 மில்லிதான். ஒரு பாட்டில் ஆறு பேருக்கு. அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸில் மர வாசனை தங்கும். துளி ஒயின் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டு ஊற்றுங்கள்.

கூடச் சாப்பிட

டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறளுகிறது. தட்டில் புரதமும் கொழுப்பும் இருந்தால் அது முதலில் அவற்றைப் பிடிக்கும், வாய் தப்பிக்கும். லாங்கே சமையல் முழுக்க இந்தக் கணக்கில்தான் நிற்கிறது: முட்டை மஞ்சள்கரு தூக்கலாகப் போட்டுப் பிசைந்த தயரின் நூடுல்ஸ் வெண்ணெயோடு, கறி வைத்த சின்ன அன்யொலொத்தி பாஸ்தா, மணிக்கணக்கில் வெந்த மாட்டுக்கறி பிராசாத்தோ, முதிர்ந்த காஸ்டெல்மான்யோ பாலாடைக்கட்டி. இலையுதிர் காலத்தில் ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிளை (மண்ணுக்கடியில் விளையும் காளான் வகை) இவற்றின் மேல் சீவுவார்கள். வயதான பரோலோவின் காளான் வாசனையும் அதுவும் நன்றாகச் சேரும்.

பிராசாத்தோவுக்கு ஒரு பாட்டில் பரோலோவையே சட்டியில் கொட்டச் சொல்லும் சமையல் குறிப்புகளை நம்ப வேண்டாம். மூன்று மணி நேரம் கொதித்த பின் ரோஜாவும் தாரும் எங்கே இருக்கும்? லாங்கே நெபியோலோவோ, பார்பெரா என்ற அந்தப் பக்கத்து இன்னொரு சிவப்பு ஒயினோ ஊற்றுங்கள், பரோலோவைக் கிளாஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சமையலில் மிளகாய்க் காரம்தான் எதிரி. காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் ஒன்றாகத் தூக்கிவிடும். புளிக்குழம்பு அதைவிட மோசம். மிளகும் சீரகமும் போட்டு நெய்யில் வதக்கிய ஆட்டுக்கறி, மிளகாய் குறைத்த எலும்புக்கறி, காளான் வறுவல் ஆகியவை ஒத்துப்போகும். மீன் வேண்டாம்; டானினோடு சேர்ந்து வாயில் உலோகச் சுவை தட்டும்.

நேரில் போக நினைப்பவர்களுக்கு

தூரினிலிருந்து ஆல்பா சுமார் 60 கி.மீ. அங்கிருந்து ஊர்களுக்குப் பேருந்து குறைவு, கார் வேண்டும். ஓட்டுபவருக்கு ரத்த ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், ஆகவே துப்புவதற்கு வைத்திருக்கும் பாத்திரத்தைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள், அங்கே அதுதான் முறை. நிலவறைகள் பெரும்பாலும் குடும்பத் தொழில். சில வாரம் முன்பே எழுதி நேரம் வாங்காமல் போனால் கதவு திறக்காது. செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் நடுவரை அறுவடை வேலை, யாருக்கும் பேச நேரமிருக்காது. மே, ஜூன் வசதி. ஒரு நாளைக்கு இரண்டு நிலவறை போதும், மூன்றாவதில் நாக்கு மரத்துவிடும்.

நேரம் வாங்க முடியாவிட்டால் பரோலோ ஊர்க் கோட்டையில் இருக்கும் பிராந்திய எனோத்தேக்காவுக்கு, அதாவது ஒயின் கூடத்துக்குப் போகலாம். பல உற்பத்தியாளர்களை ஒரே இடத்தில் கிளாஸ் கணக்கில் சுவைக்கலாம். லா மோராவின் உச்சியில் இருக்கும் காட்சி மேடையில் நின்றால் கிழக்கே செர்ரலுங்காவின் ஒடுங்கிய கோட்டை வரை எல்லாச் சரிவும் தெரியும்; கையில் ஒரு வரைபடத்தோடு அரை மணி நேரம் அங்கே நின்றால் சரிவுப் பெயர்களில் பாதி மனதில் பதிந்துவிடும். யுனெஸ்கோ 2014-ல் இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. விமானத்தில் கொண்டுவந்த பாட்டிலை உடனே திறக்காமல் மூன்று வாரமாவது படுக்கப் போடுங்கள். பழையதென்றால் மண்டி படிய அதற்கும் மேல்.

மிச்சம்

இளம் பரோலோ மறுநாள் பெரும்பாலும் முதல் நாளைவிட நன்றாக இருக்கும். மிச்சத்தை ஒரு 375 மில்லி அரை பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி, கார்க்கால் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வெளியே எடுங்கள். இருபது வருடத்துக்கு மேற்பட்டதை அன்றே முடித்துவிட வேண்டும்.

விருந்து முடிவில் இனிப்போடு பரோலோவை ஊற்றாதீர்கள், ஒயின் புளித்துப் போய்த் தெரியும். அதற்கென்றே பரோலோ கினாட்டோ இருக்கிறது: பரோலோவில் சிங்கோனா பட்டையும் மூலிகைகளும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த கசப்பு இனிப்புப் பானம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருந்துக்கடைச் சரக்கு. 40 மில்லி, ஒரு துண்டு கறுப்பு சாக்லெட். திறந்த கினாட்டோ குளிர்பெட்டியில் சில வாரம் கெடாது.